சொல்பவரும் எழுதுபவரும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரை)

வியாச முனிவர் பாரதத்தைச் சொல்ல விநாயகப் பெருமான் எழுதினார் என்ற கதையைக் கேளாதவர் நம்மில் இலர். தம் தந்தத்தையே ஒடித்து எழுத்தாணியாக்கினார் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சுவையாகச் சொல்லி விடுகின்றோம். ஆனால் அந்தக் கதையில் வேறொரு பகுதியும் உண்டு. எழுத உட்காரு முன்னர் இருவரும் இரண்டு நிபந்தனைகள் பேசிக்கொள்கின்றனர். இடையில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்கிறார் எழுதுபவர். பொருள் விளங்காமல் ஒரு சொல்லையும் எழுதலாகாது என்கிறார் சொல்பவர். இருபது வருடமாகத் தமிழ் படிப்பிக்கின்ற நான் இவற்றை ஒரு புராணச் சுவைக்காகவே சொல்லி வந்தேன். அவை நம் வகுப்பறைக்கும் உரியவை என்பதை எனக்கு விளங்க வைத்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த ஒரு தாயார்.

அவருடைய மகன் உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படிப்பவன். வகுப்பில் வாய் திறந்தால் நல்ல தமிழ் வரும். சிலப்பதிகாரத்தில் ஒரு காட்சியைக் கேட்டால், புத்தகத்தில் உள்ளதை ஒப்புவிக்காமல் தனக்குத் தோன்றியதைச் சொல்வான். தவணைப் பரீட்சையிலோ பாதி வினாத்தாள் அப்படியே கிடக்கும். எழுதிய பாதியும் வாசிக்க இயலாதபடி இருக்கும். அவன் கொப்பியில் இரண்டு வருடமாகச் சிவப்பு மையினால் "எழுத்தைத் திருத்தவும்" என்று நான் எழுதி வந்திருக்கின்றேன். பேனையைப் பிடித்துப் பத்து நிமிடத்தில் அவன் விரல்கள் தம் பாட்டில் இறுகிக்கொள்ளும் என்பதையும், பெருவிரல் உள்ளே மடிந்து விடும் என்பதையும் அவன் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தாயார் வைத்திய அறிக்கையோடு வந்திருந்தார். ஆசிரியர் அறையில் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"சேர், சோதனையில இவன் சொல்லச் சொல்ல ஆராவது எழுதிக் குடுக்க ஏலுமோ? அப்பிடிக் கேக்கிறது பிழையோ?"

முதற் கேள்விக்கு விடை சொல்வது எளிது. பரீட்சைகளுக்கு அத்தகைய ஏற்பாடு உண்டு. அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு, நேரகாலத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் என்னை விடவில்லை. பையனின் தகப்பனார் இதற்குச் சம்மதிக்கவில்லையாம். மற்றவன் கையால் எழுதி எடுக்கிற சித்தி என்ன சித்தி என்பது அவருடைய வாதம். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நமக்குள் பெரும்பாலோர் வெளியில் சொல்லாமல் மனதிற்குள் நினைப்பதைத்தான் அவர் சொல்லிவிட்டார்.

நேயர்களே, இது பிழையா என்பதற்கு நம் இலக்கிய வரலாறே விடை சொல்கின்றது. பாடுவது ஒருவர் பணி, எழுதுவது இன்னொருவர் பணி என்ற வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. 1871 ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்கச் சேர்ந்தார் உ. வே. சாமிநாதையர். 1876 இல் பிள்ளையவர்கள் மறையும் வரை கூடவே இருந்த அவர், ஆசிரியர் புராணம் பாடுகின்ற முறையை 'என் சரித்திரம்' என்னும் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கின்றார். பிள்ளையவர்கள் வாயினால் செய்யுள் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதிக்கொண்டே போவர். திருப்பெருந்துறைப் புராணத்தை அவ்வாறு ஏட்டில் எழுதிய கை சாமிநாதையருடையது. அதனால் அது சாமிநாதையர் பாடிய புராணம் ஆகிவிட்டதா? பிள்ளையவர்கள் எழுத மாட்டாதவர் என்று எவராவது இரங்கினார்களா? கை வலுவோடு இருந்த ஒரு பெரும்புலவர் பிறர் கையால் எழுதுவித்தால் அது புலமைக்கு அடையாளம். கை இறுகிப்போகின்ற ஒரு பதினெட்டு வயதுப் பையன் அதையே கேட்டால் அது சலுகை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. அச்சடித்த விடைத்தாளும் மூன்று மணி நேரமும் வந்த பின்னர், எழுதுகின்ற வேகத்தையே அறிவு என்று எண்ணப் பழகிவிட்டோம் போலும்.

கண் இல்லாத புலவர்களும் நமக்குப் புதியவர்கள் அல்லர். இரட்டைப் புலவர்களில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர். ஒருவர் தோளில் மற்றவர் இருந்து, ஒருவர் பாதி வெண்பாச் சொல்ல மற்றவர் பாதியை முடித்தார் என்பது கதை. தில்லைக் கலம்பகம் அவர்களுடையது. அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகிலே விரலால் எழுதிக் காட்டி எழுத்தறிவித்தனர் என்பர். அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து பரராசசேகர மன்னனிடம் பரிசு பெற்றார் என்ற வழக்கும் நம்மிடையே உண்டு. முதுகிலே எழுதிக் கற்பித்தது உண்மையோ கதையோ, அந்தப் பெயர் தெரியாத ஆசிரியரை நான் அடிக்கடி நினைப்பேன். கண் போனால் கல்வி போயிற்று என்று அவர் விட்டுவிடவில்லை. கொப்பியில் சிவப்பு மை போட்டு விட்டு நகர்ந்த என்னிலும் அவர் மேலானவர்.

ஆங்கில மகாகவி மில்ரனும் 1652 அளவில் முற்றாகப் பார்வை இழந்தார். 1667 இல் வெளிவந்த 'இழந்த சுவர்க்கம்' பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அடிகளைக் கொண்டது. இரவில் மனதிற்குள் அடிகளைக் கட்டி வைத்து, காலையில் எழுதுபவர் வரும் வரை காத்திருப்பாராம். எழுதுபவர் பிந்தினால் அவருக்குப் பொறுக்காதாம். அது எத்தகைய தவிப்பு என்பதை நான் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கின்றேன்.

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் பார்வையற்றவர். அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. விரிவுரைகளைக் கசற்றில் பதிந்து வைத்துக் கேட்பார். பிரெயில் நன்கு அறிந்தவர். ஆனால் விரிவுரையாளருக்குப் பிரெயில் தெரியாதல்லவா? ஆகவே கட்டுரைகளை யாராவது சாதாரண எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு விடுமுறையில் அவர் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள ஓர் ஒழுங்கையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். நான் பின்னேரங்களில் போய் எழுதுவேன். அரை மணிக்கொரு தரம் கரையோரப் பாதையில் ரயில் போகும். ரயில் சத்தம் கேட்டதும் அவர் வசனத்தைப் பாதியில் நிறுத்தி விடுவார். சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். நான்தான் எங்கே விட்டோம் என்று கொப்பியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கட்டுரை கோவலனைப் பற்றியது. ஓரிடத்தில் அவர், "கோவலன் நல்லவன் என்று எனக்குப் படவில்லை. நல்லவனாக இருக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை" என்று சொன்னார். எனக்கு அது பரீட்சைத் தமிழாகத் தோன்றவில்லை. பல்கலைக்கழகக் கட்டுரையில் 'எனக்குப் படவில்லை' என்று எழுதலாமா? நான் அவருக்கு உதவி செய்வதாக எண்ணிக்கொண்டு, "கோவலனின் பாத்திர வார்ப்பில் அறநிலை சார்ந்த ஒரு முழுமையின்மை புலப்படுவதாகக் கருத இடமுண்டு" என்று எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. வாசித்துக் காட்டும்போதும் அந்த இடத்தை வேகமாக வாசித்துப் போனேன் என்றுதான் நினைக்கின்றேன்.

கட்டுரை திரும்பி வந்தது. விரிவுரையாளர் வகுப்பில் ஒரு வசனத்தைப் புகழ்ந்து வாசித்தார். எது என்று நேயர்கள் ஊகித்திருப்பீர்கள். நண்பர் ஒன்றும் பேசவில்லை. பல நாட்களின் பின்னர் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கும்போது, அதுவும் நானே அந்தக் கட்டுரைப் பேச்சை எடுத்தபோது, சொன்னார்:

"மச்சான், அந்த வசனம் என்ரை இல்லை. நான் சொன்னது பிழையெண்டால் பிழையாவே எழுதியிருக்கலாம். இப்ப அவர் ஆரைப் புகழ்ந்தவர்?"

அதற்கு நான் சொன்ன சமாதானம் இப்போது எனக்கு ஞாபகமில்லை. நல்லதாக எதுவும் சொல்லியிருக்க முடியாது. அவர் சொன்ன வசனம்தான் நல்ல வசனம் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன. இன்று என் மாணவன் ஒருவன் அப்படி எழுதினால் நான் எழுந்து நின்று வாசிப்பேன். என்னுடைய வசனத்தை எழுதினால் 'இதற்கு என்ன பொருள்?' என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவேன்.

எழுதிக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். உதவி கிடைக்காமற் போவது ஒரு வகை அநியாயம். உதவி என்ற பெயரில் அவனுடைய வசனத்தை எடுத்துவிட்டு நம்முடைய வசனத்தை வைத்து விடுவது இன்னொரு வகை. முதலாவதற்குச் சட்டம் உண்டு. இரண்டாவது ஒருவருக்கும் தெரியாமல் ஓர் அறைக்குள் நடந்து முடிந்து விடும்.

ஹெலன் கெல்லர் அம்மையாரின் கதை இங்கு நினைவுக்கு வருகின்றது. பார்வையும் கேள்வியும் இல்லாத அவர் 1900 இல் அமெரிக்காவின் றட்கிளிஃப் கல்லூரியிற் சேர்ந்து 1904 இல் பட்டம் பெற்றார். ஆசிரியை ஆன் சலிவன் பக்கத்தில் அமர்ந்து, விரிவுரைகளை அவர் உள்ளங்கையில் விரலெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விடைகளை ஹெலன் தாமே தட்டச்சில் எழுதினார். முதனிலைப் பரீட்சையில் எழுதிய விடையை அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்ட ஓர் ஏற்பாடு இருந்தது. அதைக் கேட்டு அவர் திருத்தங்கள் செய்தார். பின்வந்த பரீட்சைகளில் அது இல்லை. 1899 இல் நடந்த நுழைவுப் பரீட்சையின் இறுதிக் கட்டத்தில் ஆன் சலிவனை உள்ளே விடவில்லை. வினாத்தாளை வேறொருவர் பிரெயிலில் பெயர்த்துக் கொடுத்தார். பெயர்த்த பிரெயில் முறையில் அட்சரகணிதக் குறியீடுகள் அவர் பழகியவற்றிலிருந்து வேறானவை. கணக்கு அறிந்திருந்தும் குறியீட்டில் திண்டாடியதை அவரே தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கின்றார்.

அதற்கும் முன்னர், பதினொரு வயதில் அவர் எழுதிய ஒரு சிறுகதை வேறோர் எழுத்தாளரின் கதையை ஒத்திருக்கின்றது என்று குற்றம் சாட்டி, ஒரு குழுவின் முன் நிறுத்தி அந்தக் குழந்தையை விசாரித்தனர். எப்போதோ கையில் வாசித்துக் காட்டப்பட்ட கதை மனதில் தங்கி, தம் சொந்தக் கற்பனையாக வெளிவந்ததாக அவர் பின்னாளில் விளங்கிக்கொண்டார். அதன் பிறகு எதை எழுதினாலும் இது என் வசனம்தானா என்ற அச்சம் தம்மைத் தொடர்ந்தது என்கின்றார். கண்ணும் காதும் உள்ள நாம் எத்தனை பேரின் வசனங்களை நம்முடையவை என்று எழுதுகின்றோம்? நம்மை எவரும் குழு வைத்து விசாரிப்பதில்லை.

கொட்டாஞ்சேனைப் பையனிடம் வருகின்றேன். அவனுக்குள்ள குறை வெளியில் தெரியாதது. கையை நீட்டினால் எல்லார் கையும் போலத்தான் இருக்கும். பேனை பிடித்தால் மாத்திரமே தெரியும். இத்தகையவர்களுக்கு எழுதுபவர் கிடைப்பது கண் தெரியாதவருக்குக் கிடைப்பதிலும் கடினம். இந்தியாவில் இதே குறையுள்ள மருத்துவப் பட்டதாரி ஒருவர் 2018 ஆம் ஆண்டின் குடிமைப் பணிப் பரீட்சைக்கு எழுதுபவர் ஒருவரைக் கேட்டார். பார்வையற்றோருக்கும், எழுதும் கை பாதிக்கப்பட்ட அங்கக் குறைபாடு உள்ளோருக்கும், மூளை வாதம் உள்ளோருக்குமே அது உண்டு என்று தேர்வாணையம் மறுத்தது. தீர்ப்பாயமும் தில்லி உயர் நீதிமன்றமும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2021 பெப்ரவரி 11 ஆம் திகதி நீதியரசர் சந்திரசூட் எழுதிய தீர்ப்பு அவர் பக்கம் அமைந்தது. நாற்பது வீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால்தான் எழுதுபவர் என்பது சரியன்று. எழுதுவதில் இடர் உள்ளவருக்கு அந்த இடரை நீக்கும் ஏற்பாடு உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். மத்திய அரசு புதிய வழிகாட்டல்களை வகுக்க வேண்டும் என்றும் பணித்தது. அவை 2022 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்தன. இந்தச் செய்தியை நான் பையனின் தகப்பனாருக்குச் சொன்னேன். டொக்டருக்கே இந்த வருத்தம் வருமோ என்று கேட்டார். சட்டத்திலும் பார்க்க அந்த ஒன்றுதான் அவரைச் சிறிது இளக வைத்தது என்று நினைக்கின்றேன்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மேரி சப்மன் அம்மையார் 1912 இல் தொடங்கிய, செவிப்புலனற்றோருக்கும் பார்வையற்றோருக்குமான பாடசாலை இரத்மலானையில் உண்டு. யாழ்ப்பாணத்தில் கைதடி நவில்ட் பாடசாலையும் சுன்னாகம் வாழ்வகமும் உண்டு. வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் ஒருவரை அனுமதிப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால் உள்ளே விட்ட பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கொப்பியில் யார் எழுதுவது? தவணைப் பரீட்சையில் யார் எழுதுவது? பெரிய பரீட்சை மூன்று மணி நேரம். அதற்கு முந்திய பதின்மூன்று வருடங்களுக்கும் எந்த விண்ணப்பப் படிவமும் கிடையாது. அது பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையின் நல்ல மனதைப் பொறுத்தது.

இனித் தமிழாசிரியன் என்ற முறையில் சில சொல்ல விரும்புகின்றேன். தமிழைச் சொல்லி எழுதுவிப்பது வேறு பாடங்களைச் சொல்லி எழுதுவிப்பது போன்றதன்று. பூகோளத்தில் மாணவன் 'மகாவலி' என்றால் எழுதுபவர் எப்படி எழுதினாலும் கங்கை ஓடிக்கொண்டுதான் இருக்கும். தமிழ் வினாத்தாளில் எழுத்துப் பிழைக்குப் புள்ளி குறையும். நம் பேச்சில் லகரமும் ளகரமும் ழகரமும் பலருக்கு ஒன்றாகவே விழுகின்றன. ரகரமும் றகரமும் அப்படியே. 'அறம்' என்று சொன்னால் எழுதுபவர் 'அரம்' என்று எழுதலாம். 'வளி' என்றால் 'வழி' ஆகலாம். அந்தப் பிழை யாருடையது? சொன்னவனுக்குச் சரியான எழுத்துத் தெரியும், எழுதியவனுக்குத் தெரியவில்லை. எழுதியவனுக்குத் தெரிந்து சொன்னவனுக்குத் தெரியாவிட்டால் அங்கே தெரியாமலே ஒரு களவு நடக்கும். சந்தி எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'தமிழ்ப் பாடம்' என்பதில் ஒற்று மிகுமா என்பதை நாம் வாயினால் சொல்லிப் பழகியவர்கள் அல்லர். கை தானாக எழுதும். கைக்குத் தெரிந்த இலக்கணத்தை வாய்க்குக் கொண்டுவருவது பெரும் பயிற்சி.

என் பழைய நண்பர் இதில் வல்லவர். காரணம் பிரெயில். தமிழ்ப் பிரெயிலில் ல, ள, ழ மூன்றுக்கும் வெவ்வேறு புள்ளி அமைப்புகள். விரலால் தடவிப் படித்தவருக்கு இந்த மயக்கம் வர நியாயமில்லை. கண்ணால் படித்த எனக்கு 'கொழும்பு வாழ்க்கை' என்பதில் அவர் எழுத்துச் சொல்லித் தந்த நாளும் உண்டு. அதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

எழுதுபவர் கீழ் வகுப்பு மாணவராக இருத்தல் நல்லது என்பர். விடை அவருக்குத் தெரியாதிருக்க வேண்டும் அல்லவா? நியாயந்தான். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அன்மொழித்தொகை' என்று வேகமாகச் சொன்னால் அது என்னவாக எழுதப்படும்? வியாசர் போட்ட நிபந்தனை நினைவிருக்கின்றதா, பொருள் விளங்காமல் எழுதக்கூடாது என்று? நம் பரீட்சை மண்டபத்தில் நிபந்தனை அதற்கு நேர்மாறானது. ஆகவே சொல்பவன்தான் எழுத்தெழுத்தாக அறிந்திருக்க வேண்டும். எழுதுபவனைக் கண்டு கோபிக்காமல், ஒவ்வொரு பந்தி முடிவிலும் திருப்பி வாசிக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் மேலதிக நேரம் வேண்டும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது கைத்தொலைபேசியே சொல்லச் சொல்ல எழுதுகின்றதே என்று சிலர் கேட்கலாம். கூகிளின் குரல்வழி எழுதும் வசதியில் 2017 முதல் தமிழ் உண்டு. என் மாணவனும் அதில் எழுதிப் பழகியிருக்கின்றான். வீட்டுக் கட்டுரைகளுக்கு அது பெரும் துணை. ஆனால் சங்கப் பாடலின் ஒரு சொல்லைச் சொன்னால் அது தனக்குத் தெரிந்த சந்தைச் சொல்லாக மாற்றி விடுகின்றது. நல்லெண்ணத்தோடு திருத்துகின்ற விடயத்தில் அந்த இயந்திரமும் நானும் ஒரே வகுப்புத்தான்.

தகப்பனார் இறுதியில் சம்மதித்தார். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன். விண்ணப்பம் அனுப்பப்பட்டது. பாடசாலையில் பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுத்தோம். கெட்டிக்காரனைத் தெரியவில்லை, வடிவான எழுத்தும் பொறுமையும் உள்ளவனைத் தெரிந்தோம். சனிக்கிழமைகளில் இருவரும் பழகத் தொடங்கினர். நானும் ஒரு மூலையில் கதிரை போட்டு இருப்பேன்.

முதல் நாள் எனக்குப் பேரதிர்ச்சி. வகுப்பில் அவ்வளவு பேசுகின்ற பையனால் ஒரு வசனம் சொல்ல முடியவில்லை. "அதாவது... வந்து... இல்லை, அதை வெட்டு" என்று ஒரு மணி நேரம் போயிற்று. பேசுவது வேறு, எழுத்தைப் பேசுவது வேறு என்பதை நானும் அன்றுதான் கண்டேன். எழுதும் நாம் வசனத்தின் தொடக்கத்தைக் கடதாசியில் இறக்கி வைத்துவிட்டு முடிவைத் தேடுகின்றோம். அவன் முழு வசனத்தையும் தலையில் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். பந்தியின் தொடக்கத்தில் என்ன சொன்னான் என்பதையும் சுமக்க வேண்டும். மில்ரன் ஏன் இரவிலேயே கட்டி வைத்தார் என்பது விளங்கியது. அதனால் அவனை முதலில் பேசாமல் இருக்கப் பழக்கினேன். ஒரு வசனம் முழுதாக மனதில் வந்த பிறகே வாய் திறக்க வேண்டும். முற்றுப்புள்ளியையும் சொல்ல வேண்டும். சிறுவனுக்கும் ஒரு விதி வைத்தேன்: அண்ணா சொல்வது பிழை என்று தெரிந்தாலும் அப்படியே எழுத வேண்டும். இந்த விதியைச் சொல்லும்போது எனக்குக் கோவலன்தான் நினைவுக்கு வந்தான்.

அந்த விதியை முதலில் மீறப் பார்த்தவனும் நான்தான். பையன் ஒரு சுமாரான வசனத்தைச் சொல்லும்போது அதற்கு ஒரு நல்ல சொல் என் நாக்கின் நுனியில் வந்து நிற்கும். இரண்டு தரம் சொல்லியும் விட்டேன். மூன்றாம் கிழமை தொடக்கம் கதிரையை விறாந்தையில் போட்டுக்கொண்டேன்.

சென்ற சனிக்கிழமை யாப்பிலக்கண வினா. ஜன்னலூடாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பையன் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனான். பந்தி முடிந்ததும் தம்பியைத் திருப்பி வாசிக்கச் சொன்னான். வாசிப்பில் பிழை தெரியவில்லை. ஆனாலும் அவனுக்குச் சந்தேகம்.

"தம்பி, வெண்பாவுக்கு என்ன ண போட்டனீ?"

"ரெண்டு சுழி அண்ணா."

"மூண்டு சுழி. வெட்டிப்போட்டு எழுது."

பேனை தாளில் உரசுகின்ற சத்தம் கேட்டது. அதன் பின்னர் சிறிது நேரம் ஒரு சத்தமும் இல்லை. அடுத்த வசனம் அவன் மனதில் முழுதாக வருவதற்காக இருவரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.